அழுகுணிச் செடி பிடுங்கிய பத்து நாள்

அப்பா என்னைக் கடல் தாண்டி அனுப்பியது ஒரே ஒரு கேள்வியோடு. வரானா, இல்லையா. அவ்வளவுதான்.

போனில் கேட்டால் போதாதா என்று நினைப்பீர்கள். ஐந்து வருஷமாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. என் தம்பி பிரகாஷ் ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம்பா" என்பான். அந்த வார்த்தையைக் கேட்டாலே அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும்.

"பாக்கலாம்னா இன்னா அர்த்தம்? சோறு துன்னியானு கேட்டாகூட பாக்கலாம்னுவான் போல இருக்கு. அவன்தான் உன்னை வந்துட்டுப் போகச் சொல்றான் இல்ல, நீ போ. மூஞ்சப் பாத்துக் கேளு. வரான்னா கொல்லை அவனுக்கு. வரலைன்னா விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கானே அந்த காட்டேஜ்காரன், அவனுக்குக் குடுத்துடறேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டு வா."

எங்கள் பக்கம் மானாவாரி மேட்டு நிலத்தைக் கொல்லை என்போம். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எங்களுக்கு ஒரு ஏக்கரா கொல்லை இருக்கிறது. வேர்க்கடலை போடுகிறோம். நான் வாழ்க்கைப்பட்டது வேங்கிக்காலில். வீட்டுக்காரருக்கு கலெக்டர் ஆபீஸ் பக்கம் வாட்ச்மேன் வேலை. அவர் டூட்டிக்குக் கிளம்பியதும் நான் ஷேர் ஆட்டோ பிடித்து அப்பா வீட்டுக்கு வந்து, அவருக்குச் சமைத்து வைத்துவிட்டுக் கொல்லையில் இறங்கிவிடுவேன். உழவு ஓட்ட ஆள் கூப்பிடுவதிலிருந்து பௌர்ணமிக்கு வருகிற ஜனத்துக்குக் கடலை வேகவைத்து விற்பது வரைக்கும் என் வேலைதான். அப்பாவுக்கு முட்டி போய் நாலு வருஷம் ஆகிறது.

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிறவள். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். அம்மா போனபோது பிரகாஷுக்கு இரண்டு வயது. இடுப்பில் வைத்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவள் விமானத்தில் ஏறினேன். பையில் அரிசி மாவு, ராகி மாவு, மிளகாய்த்தூள், பருப்புப்பொடி. அதற்கெல்லாம் அடியில், ஒரு கைக்குட்டையில் முடிச்சுப் போட்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு பிடி விதைக்கடலை.

விதைக்கு என்று எடுத்து வைத்ததில் கை வைக்கக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். மழை ஏமாற்றி, வீட்டில் கூழுக்கே திண்டாடிய வருஷத்தில்கூட அந்த மூட்டையை யாரும் தொட்டதில்லை. நான் தொட்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை. அதைப் பார்த்தால் அவனுக்கு மண் ஞாபகம் வரும், வந்தால் கிளம்பிவிடுவான் என்று மனசுக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கும். வழி நெடுக, யூனிபாரம் போட்ட யாரைப் பார்த்தாலும் அந்த முடிச்சைத்தான் தேடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. யாரும் தேடவில்லை.

போர்ச்சுகல் என்பது கடலோரத்து நாடு. பிரகாஷ் இருப்பது அதில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு காலேஜில் செடி கொடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற இடத்தில் வேலை. வெளியே வந்ததும் தாடி வைத்த ஒருத்தன் ஓடிவந்து "க்கா" என்று கட்டிக்கொண்டான். குரல்தான் அவனுடையது. சோப்பு வாசனை வேறு யாருடையதோ.

அன்றைக்கு அவனே சமைத்தான். சோறு குழைந்து கஞ்சிக்கு முந்தின பதத்தில் இருந்தது. நான் ஊட்டி வளர்த்த பையன் எனக்குப் பரிமாறினான். கேள்வி நாக்கு நுனிக்கு வந்தது. "சாம்பார்ல உப்பு போதுமா பாரு" என்று, அவன் வைத்த சாம்பாரைப் பற்றி அவனிடமே கேட்டு வைத்தேன்.

மறுநாள் ஊர் சுற்றிக் காட்டினான். எங்கள் ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களைத் தினமும் பார்க்கிறவள் நான். வேட்டி கட்டி, செருப்பில்லாமல், கண்ணை மூடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஊரிலும் மூலைக்கு மூலை அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருத்தர்கூட உட்காரவில்லை. எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள், போனில் சண்டை போட்டார்கள், பேக்கரி வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தார்கள்.

"இவங்கெல்லாம் எப்படா கண்ண மூடுவாங்க?" என்றேன்.

"அதுக்குத்தான் நம்ம ஊருக்கு வராங்க" என்றான்.

மளிகைக் கடையில் உப்புப்போட்ட மீனைப் பலகை பலகையாக அடுக்கி வைத்திருந்தார்கள். கருவாடு! ஆனால் வாசலில் முறத்தில் வைத்து ஈ ஓட்டுகிற கருவாடு இல்லை. ராஜமரியாதையாக, விளக்குப் போட்டு வைத்த கருவாடு. டீக்கடை மாதிரி ஒரு கடையில், உப்புத்தண்ணீரில் ஊறின மஞ்சள் கொட்டை ஒன்றைச் சின்னத் தட்டில் கொடுத்தார்கள். தோலைப் பல்லால் கடித்து, உள்ளே இருப்பதை வாய்க்குள் பிதுக்கித் தின்ன வேண்டும். "திரமோசு" என்று பேர். அவித்த கடலைக்கு ஒன்றுவிட்ட பங்காளி மாதிரி இருந்தது. ஒரு தட்டு முழுக்கத் தின்றுவிட்டு, உப்பு ஜாஸ்தி, இதை விற்கத் தெரியவில்லை இவர்களுக்கு, காகிதத்தில் பொட்டலம் கட்டி நடக்கிறவர் கையில் கொடுத்தால் அல்லவா போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் பிரகாஷ் என்னை மணல்மேட்டுக்குக் கூட்டிப்போனான்.

நான் கடல் பார்த்தது பாண்டிச்சேரியில் ஒரு தடவை, மகாபலிபுரத்தில் ஒரு தடவை. இரண்டு இடத்திலும் கடை தாண்டினால் கடல். இங்கே கடலுக்கு முன்னால் மணலே குன்று குன்றாக எழும்பி நிற்கிறது. அதன்மேல் ஆள் கால் படாமல் நடக்க மரப்பலகையில் பாலம் போட்டிருக்கிறார்கள். மணலில் அங்கங்கே கோரை மாதிரி உயரமாக ஒரு புல். அதன் வேர்தான் அந்தக் குன்றையே பிடித்து வைத்திருக்கிறதாம். அந்தப் புல்லை மூச்சுவிடாமல் அமுக்கிக்கொண்டு, கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு கொடி படர்ந்திருந்தது. பிஞ்சு வெண்டைக்காய் மாதிரி சதைப்பிடிப்பான இலை, செவ்வந்தி அளவுக்கு மஞ்சளும் ரோஸுமாகப் பூ. பார்க்க அவ்வளவு அழகு. கிள்ளினால் தண்ணீர் கொட்டுகிறது.

"இத யாரோ அந்தக் காலத்துல மண்ணு பறக்காம இருக்கட்டும்னு வேற தேசத்துலேர்ந்து கொண்டாந்து நட்டாங்க. இப்ப வேற எதையும் வாழ விட மாட்டேங்குது" என்றான் பிரகாஷ். "இவங்க பாஷையில ஷொராவ்னு பேரு. அழுகுணினு அர்த்தம்."

"என்னை மாதிரினு சொல்லு."

"நான் சொல்லலப்பா, நீயே சொல்லிக்கிட்ட."

பதினைந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். பதினெட்டு, இருபது வயசு இருக்கும். யாருக்கும் கூலி கிடையாது. சனிக்கிழமை லீவு நாளில், வேறு வேலை இல்லாத மாதிரி சிரித்துக்கொண்டு வந்து களை எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் களையெடுக்க ஆள் கிடைக்காமல் நான் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறேன்! இனேஸ் என்று ஒரு பெண், நர்ஸுக்குப் படிக்கிறாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். துவார்த்தே என்று பனைமரம் மாதிரி ஒரு பையன்; அவன் குனிவதற்குள் நான் நாலு கொடி பிடுங்கிவிடுவேன். இனேஸுக்கு இங்கிலீஷ் வரும். எனக்குக் கடலை விற்கிற அளவுக்கு வரும். போதுமானதாக இருந்தது.

அந்தக் கொடியைப் பிடுங்குவது சுலபம். வேர் ஆழம் கிடையாது. நுனியைப் பிடித்து இழுத்து, பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டே போகலாம். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, குத்துக்கால் வைத்து உட்கார்ந்து ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். துவார்த்தே என்னவோ சொன்னான். பிரகாஷ் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னான்: "உன் அக்கா மனுஷியா, மெஷினாங்கறான்."

மத்தியானம் ரொட்டிக்கு நடுவில் மீன் வைத்துச் சாப்பிட்டோம். பிள்ளைகள் நோட்டு வைத்திருந்தார்கள். எந்த இடத்தில் எவ்வளவு எடுத்தோம், என்னென்ன புல் தலை தூக்கியிருக்கிறது என்று படம் போட்டு எழுதினார்கள். இனேஸ் தன் நோட்டை என்னிடம் நீட்டி, நான் பிடுங்கின இடத்துக்குப் பக்கத்தில் என் பேரை எழுதச் சொன்னாள். தமிழில் "ஜெயா" என்று எழுதினேன். அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். கிளாஸ் ரூமில் நோட்டில் பேர் எழுதி இருபத்தாறு வருஷம் ஆகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ரொட்டியை மென்றேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள், விரலை மூன்று என்று காட்டி: "பிரகாஷ் இங்கேயே இருக்கப்போகிறான். இன்னும் மூன்று வருஷம். எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா."

அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் புரியும். கொஞ்ச தூரத்தில் பிரகாஷ் அந்தப் பிள்ளைகளோடு அவர்கள் பாஷையில் வேகமாகப் பேசிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இதற்கு முன்னால் கேட்டதில்லை. வீட்டில் அவன் அப்படிச் சிரித்தது கிடையாது.

பதில் தெரிந்துவிட்டது. ஆனால் நான் கேட்கவில்லையே, கேட்காத வரைக்கும் அது பதில் இல்லை என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

சாப்பிட்டதும் பிரகாஷ், காலையில் பிடுங்கின கொடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் சொல்லியிருந்த முறை இதுதான்: பிடுங்கினதையெல்லாம் தார்ப்பாயில் போட்டு ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு வரவேண்டும். மணலில் பாரம் இழுப்பது பிள்ளைகளுக்கு நாக்குத் தள்ளியது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. எங்கள் கொல்லையில் களையெடுத்தால் யார் சுமந்துகொண்டு போகிறார்கள்? கடலைச் செடியின் காலடியிலேயே கவிழ்த்துப் போட்டுவிடுவோம். வெயில் அதைத் தின்னும். மண்ணில் ஈரம் நிற்கும். இரண்டு மழைக்கு எருவாகிவிடும். அப்படியே செய்தேன். புதுசாகத் தலை தூக்கின புல்லைச் சுற்றி அந்தக் கொடியை வளையமாக வைத்து, காற்று தூக்கிக்கொண்டு போகாமல் மேலே ஒரு கை மணலும் அள்ளிப் போட்டேன்.

இனேஸ் வந்து, "இப்படி வைப்பது நல்லதா?" என்று கேட்டாள்.

"குட். வெரி குட். மை வில்லேஜ்" என்றேன்.

அவளும் செய்தாள். துவார்த்தே செய்தான். பார்த்துப் பார்த்து ஏழு பேர் செய்தார்கள். நான் நடுவில் நின்று, "நோ, நோ, ஒன் மோர் சேண்டு" என்று கை காட்டினேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு ஏழு பிள்ளைகள் கொண்ட ஒரு வகுப்பு. சாயங்காலம் பிரகாஷ் வருவதற்குள் கிளம்பிவிட்டோம். அவனிடம் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக்காட்டுவார்களா?

அந்த ஊரில் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. பாண்டிச்சேரியில் அது கடலிலிருந்து எழும்புவதைப் பார்த்த கண்ணுக்கு அது என்னவோ படத்தைத் திருப்பி ஓட்டுகிற மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை ரயிலில் தொலைந்து போனேன். பிரகாஷ் மத்தியானம் தன் காலேஜுக்கு வரச் சொல்லியிருந்தான், இரண்டாவது ஸ்டேஷன். விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனேன். ரயில் நின்றது. கதவுக்கு முன்னால் நின்றேன். கதவு திறக்கவில்லை. நம் ஊர் ரயிலில் கதவு எங்கே மூடியிருக்கிறது, திறப்பதற்கு? பச்சைப் பொத்தானை நாமேதான் அழுத்த வேண்டுமாம். ரயில் கிளம்பிவிட்டது. பிளாட்பாரத்தில் பிரகாஷ் ஓடி வருவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நான் கண்ணாடியைத் தட்டி "டேய், டேய்" என்று கத்தினேன். அவனை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தபோது கேட்டுக்கு உள்ளேயிருந்து அவன் இப்படித்தான் கத்தினான். அன்றைக்கு நான் வெளியே. இன்றைக்கு அவன் வெளியே.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கண்ணாடியைக் காட்டி என்னவோ சொன்னதில் "ஜனேலா" என்று ஒரு வார்த்தை வந்தது. எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. "ஜன்னலா?" என்றேன். அவள் தலையாட்டினாள். அடுத்த ஸ்டேஷனில் எனக்காகப் பொத்தானை அழுத்தி, இறங்கி, பிரகாஷ் வரும்வரை என்னோடு நின்றாள். அவள் சொன்னதைப் பிரகாஷ் பிறகு எனக்குச் சொன்னான்: "உன் அக்கா ஜன்னலை உடைத்துக்கொண்டு குதித்துவிடுவாளோ என்று பயந்துவிட்டேன். என் மகன் பிரான்ஸுக்குப் போனபோது நானும் இப்படித்தான் தட்டினேன்." சாவிக்கும் அலமாரிக்கும்கூட அவர்கள் ஊரிலிருந்துதான் பேர் வந்ததாம். பெட்டி பெட்டியாகப் பேரைக் கொடுத்துவிட்டுத் தம்பியை வாங்கிக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை சித்ரா பௌர்ணமி. ஊரில் இருந்தால் விடியற்காலையிலேயே அண்டாவை ஏற்றியிருப்பேன். வீட்டுக்காரர் போன் பண்ணினார். "ஜனம் ஜாஸ்தி. நீ இல்லைனு தெரியாம கடலை கேட்டு வந்தவங்க கம்மி இல்ல. உங்கப்பா சேர் போட்டு உக்காந்துக்கிட்டு, 'என் பொண்ணு பாரின் போயிருக்கா'னு எல்லார் கிட்டயும் சொல்றாரு" என்றார். இங்கே வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பைன் மரங்களுக்குப் பின்னாலிருந்து நிலா வந்தது. அதே நிலாதான். பக்கத்தில் மலை இல்லாததால் எவ்வளவு பெரிசு என்று பிடிபடவில்லை. கிரிவலம் போகிறவர் மாதிரி நானும் பிரகாஷும் மணல்மேட்டுப் பாலத்தில் பேசாமல் நடந்தோம். அவன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நான் சொல்லவில்லை. அவனாகவே கழற்றினான். அதைப் பார்த்ததும், கேட்டுவிடலாம், இப்போது கேட்டால் வருகிறேன் என்பான் என்று வாயைத் திறந்தேன். "குளுருது, போலாம்க்கா" என்றான். போய்விட்டோம்.

வியாழக்கிழமை நல்ல மழை. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே, என் புல்லுக்கெல்லாம் தண்ணீர் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மணல்மேட்டுக்குப் போனபோது முதலில் பார்த்தவள் இனேஸ்தான். நாங்கள் வளையம் வளையமாக வைத்த கொடி ஒன்றுகூடக் காயவில்லை. பளபளவென்று, பூக்கூட விரித்துக்கொண்டு கிடந்தது. பிரகாஷ் முழங்காலிட்டு ஒரு துண்டைத் தூக்கினான். கணுவுக்குக் கணு, வெள்ளை நூல் மாதிரி வேர் விட்டிருந்தது. மேலே மணல் போட்டு, மழையும் பெய்து, நாங்கள் அதை நட்டிருக்கிறோம். ஒடித்துப் போட்டாலும் பிழைக்கிற செடி என்பதால்தான் தார்ப்பாயில் இழுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறான்.

பதினைந்து பிள்ளைகளும் மணலைப் பார்த்தார்கள்.

"யாருக்கா இப்படி வெக்கச் சொன்னது?"

இனேஸ் முந்திக்கொண்டு, நாங்கள்தான் என்றாள். "இல்லடா, நான்தான்" என்றேன். "நம்ம கொல்லையில அப்படித்தானே செய்வோம்."

பிரகாஷ் என்னைப் பார்த்தான். அப்புறம் பிள்ளைகளிடம் திரும்பி என்னவோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். துவார்த்தே தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டுப் போனான்.

"இன்னாடா சொன்ன?"

"எங்க ஊரு வெயிலு ஒரே நாள்ல இத அப்பளமாக்கிடும், அந்த வெயில எங்கக்கா பையில எடுத்தாற மறந்துட்டானு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்களை வேறு பக்கம் அனுப்பச் சொன்னேன். நான் கெடுத்த இடத்தை நானே சுத்தம் பண்ணுகிறேன் என்றேன். அவனும் என்னோடு உட்கார்ந்தான். ஒரு துண்டு விடாமல், விரலால் மணலைச் சலித்துச் சலித்து எடுத்தோம். சின்ன வயசில் கடலை பிடுங்கி முடித்த நிலத்தில் உதிர்க்கடலை பொறுக்குவோம், அப்படி.

"டேய்."

"ம்."

"அப்பா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வந்த நாள்லேர்ந்து உன் வாய் வரைக்கும் வந்து வந்து போகுது. சாம்பார்ல உப்பு போதுமானு கேக்கற. கேட்டுட்டு என் மூஞ்சியவே பாக்கற."

"வரியா?"

அவன் கையில் இருந்த கொடியைத் தார்ப்பாயில் போட்டான். கையைத் தட்டிக்கொண்டான்.

"வரலக்கா."

பாக்கலாம் என்று சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஐந்து வருஷமாக நாங்கள் திட்டின அந்த வார்த்தை எவ்வளவு நல்ல வார்த்தை என்று அப்போதுதான் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு எத்தனை பௌர்ணமி வேண்டுமானாலும் ஓட்டலாம். மணலைச் சலித்துக்கொண்டே அழுதேன். "ஷொராவ்" என்றான். அவனும் மூக்கை உறிஞ்சினான்.

கொஞ்ச நேரம் கழித்து, "கொல்லைய காட்டேஜ்காரனுக்குக் குடுத்துடுவாராம்" என்றேன்.

"உனக்குச் சம்மதமா?"

"எனக்கு இன்னாடா? வரலைன்னா குடுத்துடறேன்னாரு. அதான் சொல்றேன்."

"க்கா, இப்ப இன்னா சொன்ன நீ? நம்ம கொல்லையில அப்படித்தான் செய்வோம்னு. எனக்கு அங்க எந்த மூலையில பாறை இருக்குதுன்னுகூட மறந்துபோச்சு. நீ வெயில்ல நிக்கற, நீ கடலை போடற, நீ விக்கற. அப்பா என்னையே கேட்டுக்கிட்டிருக்காரு. உனக்கு அது வேணுமா, வேணாமா?"

என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. பொட்டைப்பிள்ளைக்கு எதற்குக் கொல்லை என்று எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூடக் கிடையாது; அவ்வளவு தூரம் யோசிப்பதே இல்லை. அந்த மேட்டில் ரூம் ரூமாகக் கட்டி, பெயிண்ட் அடித்து, ஏசி மாட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்ணை மூடிப் பார்த்தேன்.

"வேணும்" என்றேன். காற்றில் எனக்கே கேட்கவில்லை. "வேணும்டா. நீயே அப்பா கிட்ட சொல்லிடேன்."

"நான் சொன்னா, நான் உனக்குக் குடுத்த மாதிரி ஆயிடும். குடுக்கறதுக்கு அது என்னுது இல்ல. நீ கேளு."

"எனக்கு பயமா இருக்குடா."

"பிளைட்டே ஏறி வந்துட்ட."

கிளம்புகிற அன்று கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து அவன் கையில் வைத்தேன். விதைக்கடலை என்று பார்த்ததும் கண்டுகொண்டான். "மூட்டையிலேர்ந்தா எடுத்த? அப்பாவுக்குத் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். ரொம்ப நேரம் முகர்ந்து பார்த்தான். "இத நான் இங்க நட மாட்டேன்க்கா. இன்னொரு ஊரு விதைய இறக்கினா இன்னா ஆகும்னு நீயே பாத்துட்ட." ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, சமையலறை ஜன்னலில் வைத்தான். வெளிச்சம் பட்டு அது நன்றாகத்தான் இருந்தது.

ஊர் வந்து இறங்கினேன். பொசுக்கும் வெயில். மலையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வேங்கிக்காலுக்குக்கூடப் போகாமல் நேராக அப்பா வீட்டுக்குப் போனேன். வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை.

"இன்னா சொன்னான்?"

"வரலையாம்பா."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தார். "நல்லா இருக்கானா?" என்று கேட்டார். நல்லா இருக்கான் என்றேன். சிரிக்கிறான் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

"சரி. அந்தாளுக்குப் போன் போடு. நாளைக்கு வந்து பேசட்டும்."

போனைக் கையில் எடுத்தேன். ரயிலில் கதவுக்கு முன்னால் நின்று, அதுவாகத் திறக்கும் என்று காத்திருந்தது ஞாபகம் வந்தது.

"போட மாட்டேன்பா."

"இன்னா?"

"கொல்லை எனக்கு வேணும்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பத்து நாளில் என் முகத்தில் என்ன மாறிவிட்டது என்று தேடுகிற மாதிரி பார்த்தார். அப்புறம் கொல்லைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோடை உழவு போட்ட நிலம், கட்டி கட்டியாகக் காய்ந்து கிடந்தது. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஆடியில விதைக்கணும்னா இப்பவே பாத்து வெக்கணும்" என்றார் கடைசியில், அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு. "மூட்டையில விதைக்கடலை சரியா இருக்குதா?"

"ஒரு பிடி கம்மியா இருக்கும்பா" என்றேன். "அது அவன் ஜன்னல்ல இருக்குது."